பிப்ரவரியைத் தவறவிட்டால் ஜூனில் ஓட்டு இல்லை: அமெரிக்காவில் கட்சிப் பதிவு, என் அனுபவம்

2025 ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. நியூயார்க்கில் வெயில் நூறு டிகிரியை ஒட்டி நின்ற நாள். குவீன்ஸில் எங்கள் தெருவுக்கு அடுத்த பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. மேயர் பதவிக்கான டெமாக்ரடிக் கட்சி பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில், ஓட்டுப் போட, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். மணிக்கணக்குச் சம்பளம் என்பதால் நான்கு மணி நேரக் கூலி, 88 டாலர், அதோடு போயிற்று. வேலையிடத்திலிருந்து சப்வே ரயிலில் வந்து போக 5 டாலர் 80 சென்ட். களத்தில் இருந்த 11 பேரைப் பற்றியும் மூன்று வாரம் உட்கார்ந்து படித்து, ஐந்து பேரை வரிசைப்படுத்தி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். இந்தத் தேர்தலில் ஒருவரே ஐந்து பேர் வரை விருப்ப வரிசையில் குறிக்கலாம். மேசையில் இருந்த அம்மா டேப்லெட்டில் என் பெயரைத் தேடினார். பெயர் இருந்தது, முகவரியும் சரி. "நீங்கள் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யவில்லை. இந்தத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு இல்லை" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது. ஏழு மாதத்துக்கு முன்னால், 2024 நவம்பரில், இதே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுப் போட்டேன். அப்போது இருந்த உரிமை இப்போது எங்கே போனது என்றே புரியவில்லை.

நடந்தது இதுதான். 2024 கோடையில் சிட்டிசன்ஷிப் சத்தியப்பிரமாணம் முடிந்த கையோடு, கொடுக்கப்பட்ட வாக்காளர் பதிவு ஃபாரத்தை நின்ற நிலையிலேயே நிரப்பினேன். அதில் கட்சி என்று ஒரு கட்டம். டெமாக்ரடிக், ரிபப்ளிகன், கன்சர்வேட்டிவ், வொர்க்கிங் ஃபேமிலீஸ் என்று வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே, எந்தக் கட்சியும் வேண்டாம், சுயேச்சை வாக்காளராக இருக்கிறேன் என்று ஒரு வரி. யோசிக்காமல் அதில் டிக் அடித்தேன். நம் ஊரில் கட்சியில் சேர்வது என்றால் உறுப்பினர் அட்டை, சந்தா, கிளைச் செயலாளர், கூட்டத்துக்கு ஆள் வரச் சொல்வது. ஓட்டுப் போடுகிறவருக்கு அதெல்லாம் தேவையில்லை, ஓட்டு ரகசியம், நாம் யார் பக்கம் என்று எந்த அரசு காகிதத்திலும் எழுதித் தருவதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த யாருக்கும் கை அந்தக் கட்டத்துக்குத்தான் போகும். பிரைமரியில் ஓட்டுப் போட வேண்டுமானால் கட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று அதே கட்டத்துக்குள் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை நான் படிக்கவில்லை. "பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்று பக்கத்தில் நின்றவர் சொன்னது மட்டும் மனதில் நின்றது. மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். அது எப்போது அமலுக்கு வரும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரைமரி என்றால் என்ன என்பதை நம் ஊர் வார்த்தையில் சொன்னால் உடனே விளங்கும். தமிழ்நாட்டில் யாருக்கு சீட் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். நேர்காணல் நடக்கும், பட்டியல் வெளியாகும், வாக்காளருக்கு அதில் வேலை இல்லை. அமெரிக்காவில் அந்த சீட்டைக் கொடுப்பதே வாக்காளர்கள்தான். அரசாங்கச் செலவில், அரசாங்கத்தின் வாக்குச்சாவடியில், ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல் அது. யார் யார் அதில் கலந்துகொள்ளலாம் என்று வரையறுக்கத்தான் கட்சிப் பதிவு. ஃபாரத்தில் அந்தக் கட்டத்தை நிரப்புவதால் சந்தா கிடையாது, கூட்டம் கிடையாது, உறுதிமொழி கிடையாது. நவம்பர் பொதுத்தேர்தலில் எந்தக் கட்சிக்காரருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம், யாரும் கேட்க முடியாது. இதை யாராவது ஒரே ஒரு முறை எனக்குச் சொல்லியிருந்தால் போதும். ஒரு கட்சி ஓங்கியிருக்கும் ஊர்களில் நிஜமான போட்டி பிரைமரியிலேயே முடிந்துவிடும். நியூயார்க் நகர சபையின் பெரும்பாலான இடங்கள் ஜூனிலேயே தீர்மானமாகிவிடுகின்றன, நவம்பர் வெறும் சடங்கு. கட்சி வேண்டாம் என்று டிக் அடிக்கிறவர் ஒதுங்கி நடுநிலையில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறார், ஆனால் தன் ஓட்டுக்கு அதிக எடை உள்ள தேர்தலைக் கைநழுவ விடுகிறார். இந்த நகரத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள் அந்த நிலையில் இருக்கிறார்கள்.

மேசையில் இருந்த அம்மாவிடம், இப்போதே கட்சியை மாற்ற முடியாதா என்று கேட்டேன். முடியாது. அஃபிடவிட் பேலட் கேட்டால் கொடுப்பார்கள், அது வாக்காளரின் உரிமை. வாக்குச்சீட்டைக் குறித்து, ஓர் உறையில் போட்டு, உறையின் மேல் பெயர், முகவரி, கட்சி எல்லாம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தேர்தல் அலுவலகம் பிறகு பட்டியலோடு ஒத்துப் பார்க்கும். கட்சிப் பதிவு இருந்தும் பட்டியலில் பிழையாக விடுபட்டிருந்தால் அந்த ஓட்டு எண்ணப்படும், பதிவே இல்லையென்றால் எண்ணப்படாது. அது தெரிந்தும் போட்டேன், வெறுங்கையோடு வெளியே வர மனசில்லாமல். சில வாரங்களில் கடிதம் வந்தது, எண்ணவில்லை என்று. உங்களுக்கு இப்படி நேர்ந்தால், நீங்கள் பதிவு செய்ததாக உறுதியாக நம்பினால், அஃபிடவிட் பேலட்டைக் கேட்டு வாங்காமல் சாவடியை விட்டு வெளியே வராதீர்கள். பட்டியலில் இல்லை என்று அவர்கள் சொன்னவுடன் தலையாட்டிக்கொண்டு திரும்பினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அன்று சாயங்காலம் எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடியில் இருக்கும் பெரியவரிடம் சொன்னபோது, "ஏம்மா, பிப்ரவரிலயே மாத்தியிருக்கணுமே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். பிப்ரவரியில் யாருக்கு ஜூன் மாதத் தேர்தல் ஞாபகம் இருக்கும் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நியூயார்க்கில் ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் கட்சியை மாற்றவோ, புதிதாக ஒரு கட்சியில் சேரவோ கொடுக்கும் ஃபாரம் பிப்ரவரி 14க்குள் தேர்தல் அலுவலகத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் உடனே அமலாகும். பிப்ரவரி 15 முதல் ஜூன் பிரைமரி முடிந்து ஏழாம் நாள் வரை வரும் ஃபாரங்களை எடுத்து வைத்துவிட்டு, அந்த ஏழாம் நாளில்தான் அமலாக்குவார்கள். அதாவது அந்த ஆண்டு பிரைமரிக்கு உதவாது. கட்சியே இல்லாமல் இருந்து கட்சியில் சேர்வதும் இந்தக் கணக்கில் மாற்றம்தான், இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். மனதை மிகவும் அறுத்தது இன்னொரு விஷயம். வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லாதவர் தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு வரை புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம், அப்போதே கட்சியையும் தேர்ந்தெடுக்கலாம். 2025ல் அதற்குக் கடைசி நாள் ஜூன் 14. எங்கள் கட்டடத்திலேயே மே மாதம் சிட்டிசன் ஆன ஒரு பெண் அப்படிப் பதிவு செய்து ஓட்டுப் போட்டுவிட்டாள். ஒரு வருஷம் முந்திக்கொண்டு பதிவு செய்த எனக்கு இல்லை. அதனால் முதல் முறை ஃபாரம் நிரப்புகிறவர்களுக்கு நான் சொல்வது: அந்தக் கட்டத்தில் கை வைக்கும் நிமிஷம்தான் உங்களுக்குச் சுலபமான நிமிஷம். அதை அவசரத்தில் விடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாக நிரப்பி அனுப்பினாலும் குற்றமில்லை.

இத்தனை முன்கூட்டிக் கெடு வைப்பதற்குச் சொல்லப்படும் காரணம், எதிர்க்கட்சிக்காரர்கள் கடைசி நேரத்தில் கூட்டமாக உள்ளே நுழைந்து பலவீனமான வேட்பாளரை ஜெயிக்க வைத்துவிடக்கூடாது என்பது. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1973ல் ரொசாரியோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் கெடுவை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லும் என்று தீர்ப்பளித்தது. முன்பு இதைவிடக் கடுமையாக இருந்தது. 2016 ஏப்ரல் 19ல் நடந்த ஜனாதிபதி பிரைமரிக்குக் கட்சி மாறக் கடைசி நாள் 2015 அக்டோபர் 9. டொனால்ட் டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் அந்தத் தேதியைத் தவறவிட்டதால் சொந்த அப்பாவுக்கே பிரைமரியில் ஓட்டுப் போட முடியாமல் போனது. 2019ல் சட்டத்தைத் தளர்த்திய பிறகுதான் பிப்ரவரி 14 வந்தது. அதுவும் எனக்கு நீளமாகத்தான் படுகிறது. வேட்பாளர்கள் யார் என்று முழுதாகத் தெரிவதற்கு முன்பே கட்சியைத் தீர்மானிக்கச் சொல்கிறது. வேட்பாளர்கள் பெயர் வாக்குச்சீட்டில் வரக் கையெழுத்து வேட்டை நடப்பதே பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. சப்வே படிக்கட்டில் கையில் அட்டையும் பேனாவுமாக நின்ற ஒரு பெண் மார்ச் மாதம் என்னையும் நிறுத்தினாள். "ரிஜிஸ்டர்ட் டெமாக்ரட்டா?" என்றாள். இல்லை என்றவுடன் மரியாதையாகச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். அந்தக் கட்சியில் பதிவானவர் கையெழுத்து மட்டுமே அந்த மனுவில் செல்லும் என்பதால்தான் அப்படிக் கேட்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கெடு முடிந்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது.

மறுநாள் ஜூன் 25ஆம் தேதியே ஃபாரத்தை நிரப்பி அனுப்பினேன், 73 சென்ட் ஸ்டாம்ப். கட்சி மாறத் தனி விண்ணப்பம் என்று தேடி ஒரு மணி நேரம் வீணாக்கினேன், அப்படி ஒன்று நியூயார்க்கில் தேவையில்லை. முதலில் பதிவு செய்த அதே வாக்காளர் பதிவு ஃபாரம்தான். புதிய கட்சிக்கு நேரே டிக் போட்டு, பெயர், பிறந்த தேதி, முகவரி எழுதி, டி.எம்.வி. (லைசென்ஸ் கொடுக்கும் மோட்டார் வாகன அலுவலகம்) எண் அல்லது சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் கொடுத்தால் போதும், முழு எண்ணையும் எழுத வேண்டாம். நியூயார்க் லைசென்ஸோ அடையாள அட்டையோ இருந்தால் டி.எம்.வி. தளம் வழியாக ஆன்லைனிலும் செய்யலாம். தபாலில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது மூன்று. பிப்ரவரி 14 என்பது போய்ச் சேர வேண்டிய நாள், தபால் பெட்டியில் போடும் நாள் கிடையாது, அதனால் ஜனவரிக்குள் அனுப்பிவிடுங்கள். கையெழுத்து கட்டத்துக்குள் இருக்க வேண்டும், அது விடுபட்டால் ஃபாரம் செல்லாது. லைசென்ஸில் இருக்கும் பெயரும் ஃபாரத்தில் எழுதும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இந்த மூன்றாவதில்தான் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், லைசென்ஸில் இனிஷியல், சிட்டிசன்ஷிப் சான்றிதழில் கணவர் பெயர் சேர்த்து மாற்றியது என்று மூன்று விதமாக இருக்கும். பெயரை மாற்றியிருந்தால் பழைய பெயரை எழுதவும் ஃபாரத்தில் இடம் இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள். விட்டால் ஒரே ஆள் இரண்டு பதிவாக ஆகிவிடக்கூடும்.

ஜூன் 24க்கு ஏழாம் நாள் ஜூலை 1. ஜூலை நடுவில் மாநிலத்தின் வாக்காளர் தேடல் பக்கத்தில் என் விவரத்தைப் போட்டுப் பார்த்தபோது கட்சி என்ற வரியில் மாற்றம் ஏறியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் நெஞ்சில் இருந்த கனம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அந்த மேயர் தேர்தலின் பிரைமரி போனது போனதுதான். அடுத்த மேயர் பிரைமரி 2029ல். அரை நாள் கூலியை விட எனக்குப் பெரிய நஷ்டம் அதுதான்.

இந்த விஷயம் வெளியே தெரிந்த பிறகு, மற்ற மாநிலங்களில் இருக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்காகப் படித்ததில் முதலில் புரிந்தது, அமெரிக்காவுக்கு என்று ஒரே விதி கிடையாது, ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது விதி. ஏறத்தாழ 30 மாநிலங்களிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் மட்டுமே வாக்காளர் பட்டியலில் கட்சி இருக்கிறது. டெக்சாஸ், இல்லினாய், மிஷிகன், ஜார்ஜியா, வர்ஜீனியா, மினசோட்டா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் பதிவு ஃபாரத்தில் அந்தக் கட்டமே கிடையாது. அங்கே இருப்பவர்கள் இந்தத் தேதிகளுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் டெக்சாஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மார்ச் பிரைமரியில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வாங்குகிறீர்களோ அந்தக் கட்சியோடு அந்த ஆண்டு முழுக்க ஒட்டிக்கொள்கிறீர்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் மே மாதம் ரன்-ஆஃப் என்ற இரண்டாம் சுற்று வந்தால், மார்ச்சில் ஒரு கட்சியில் ஓட்டுப் போட்டவர் மறு கட்சியின் ரன்-ஆஃபில் போட முடியாது. மார்ச்சில் எதிலுமே போடாதவர் எதில் வேண்டுமானாலும் போடலாம். ஆண்டு முடிந்ததும் அந்தப் பிணைப்பு தானாக விலகிவிடும்.

பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் நிலைமை நேர் எதிர். எடிசனில் இருக்கும் என் தோழி எந்தக் கட்சியிலும் இல்லாமல் இருந்தாள். அவள் ஜூன் பிரைமரி அன்று சாவடிக்கே போய், இந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று சொல்லி வாங்கிப் போட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அந்த நிமிஷத்தோடு அவள் அந்தக் கட்சியில் பதிவானவள் ஆகிவிட்டாள், அது அவளுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு மறு கட்சியின் பிரைமரியில் போட விரும்பினால், அதற்கென்று இருக்கும் கட்சி அறிவிப்பு ஃபாரத்தை 55 நாளுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். பழையபடி எந்தக் கட்சியும் இல்லாதவளாகத் திரும்பவும் அதே ஃபாரம்தான். தானாக எதுவும் உதிராது.

பென்சில்வேனியாவில் கட்சிப் பதிவு இல்லாமல் பிரைமரியில் போட முடியாது, ஆனால் கெடு வெறும் 15 நாள், ஆன்லைனில் ஐந்து நிமிஷ வேலை. 2025 மே 20 பிரைமரிக்கு மே 5 வரை மாற்றிக்கொள்ள முடிந்தது. கட்சி இல்லாதவர்களும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்: பிரைமரி அன்று மாநில அரசியலமைப்புத் திருத்தம் மாதிரி பொதுக் கேள்விகள் சீட்டில் இருந்தால், அதற்கு அவர்களும் போய் ஓட்டுப் போடலாம். ஃப்ளோரிடாவில் கெடு 29 நாள். மேரிலாந்தில் 21 நாள். அங்கே முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்களில் புதிதாகப் பதிவு செய்யலாம், ஆனால் இருக்கும் கட்சியை அப்போது மாற்ற முடியாது. கனெக்டிகட்டில் ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கென்டக்கிதான் எனக்குத் தெரிந்து மிகக் கடுமை, மே மாதப் பிரைமரிக்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 31க்குள் மாறியிருக்க வேண்டும்.

வேறு சில மாநிலங்களில் கட்சி இல்லாமல் இருப்பதே சௌகரியம். மாசச்சூசெட்ஸில் கட்சியில் பதிவாகாதவர் பிரைமரி அன்று எந்தக் கட்சிச் சீட்டையும் கேட்டு வாங்கலாம், போட்ட பிறகும் அவர் பதிவாகாதவராகவே இருப்பார். நார்த் கரோலினாவிலும் அப்படித்தான், ஒரு கட்சியைத் தேர்ந்து அதன் சீட்டை வாங்கலாம். அங்கே ஏற்கெனவே ஒரு கட்சியில் இருப்பவர்தான் 25 நாள் கெடுவுக்குள் மாறியாக வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி இல்லாதவர் ஒரு கட்சியின் சீட்டை வாங்கியதும் அந்தக் கட்சிக்காரர் ஆகிவிடுவார், ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வரும்போது அங்கேயே ஒரு ஃபாரத்தில் கையெழுத்திட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அந்தக் கையெழுத்தை மறந்து வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த முறை மறு கட்சியின் சீட்டைக் கேட்கும்போது சிக்கல். நியூயார்க்கில் எனக்குத் தப்பாகிப்போன அதே டிக், மாசச்சூசெட்ஸின் பாஸ்டனில் இருந்திருந்தால் சரியான டிக். அதனால் ஒரு மாநிலத்து நண்பர் சொல்வதை இன்னொரு மாநிலத்தில் அப்படியே கடைப்பிடிக்காதீர்கள். மாநிலம் விட்டு மாநிலம் குடிபோனால் கட்சியும் கூடவே வராது, புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். நாடு முழுவதற்குமான தபால் பதிவு ஃபாரத்தில் ஏழாவது கட்டம் கட்சிக்கானது. அதன் பின்பக்கங்களில் மாநிலவாரியாக விதி அச்சடித்திருக்கிறார்கள், உங்கள் மாநிலத்துக்கு உரியதைப் படிக்காமல் அந்தக் கட்டத்தைத் தொட வேண்டாம்.

கலிஃபோர்னியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் அங்கே அதிகம், குழப்பமும் அதிகம். 2012 முதல் கவர்னர், சட்டசபை, காங்கிரஸ் பதவிகளுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் வருவார்கள், முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பருக்குப் போவார்கள். அதற்குக் கட்சிப் பதிவு எதுவானாலும் கவலையில்லை. ஜனாதிபதி பிரைமரி மட்டும் வேறு. கட்சி விருப்பம் இல்லை என்று பதிவு செய்தவருக்குத் தபாலில் வரும் சீட்டில் ஜனாதிபதிப் போட்டியே இருக்காது. 2024ல் டெமாக்ரடிக் கட்சி சீட்டை அப்படிப்பட்டவர்கள் கேட்டு வாங்க முடிந்தது, ரிபப்ளிகன் கட்சி தன் பதிவுக்காரர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தது. இதற்காக முன்கூட்டியே ஓர் அட்டை தபாலில் வரும். விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடும் அட்டை அதுதான். தவறவிட்டுவிட்டால், வந்த சீட்டைக் குறித்து அனுப்பிவிடாமல் அதைக் கொடுத்து மாற்றுச் சீட்டு கேட்கலாம். இன்னொரு பொறி அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி. இண்டிபெண்டன்ட் என்ற சொல்லைப் பார்த்துச் சுயேச்சை என்று நினைத்து டிக் போட்டவர்கள் ஏராளம். அது 1968ல், இனப் பிரிவினையை ஆதரித்த அலபாமா முன்னாள் கவர்னர் ஜார்ஜ் வாலஸை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்திய, கொள்கையில் தீவிர வலதுசாரிக் கட்சி. நியூயார்க்கிலும் இண்டிபெண்டன்ஸ் பார்ட்டி என்று ஒன்று ஃபாரத்தில் இருந்தது, 2020 தேர்தலில் போதிய ஓட்டு வாங்காமல் அங்கீகாரம் இழக்கும் வரை அதே ஏமாற்றத்தைத் தந்தது. சுயேச்சையாக இருக்க விரும்பினால் இண்டிபெண்டன்ட் என்ற சொல்லைத் தேடாதீர்கள், கட்சி வேண்டாம் என்று முழு வாக்கியமாக எழுதியிருக்கும் கட்டத்தைத் தேடுங்கள்.

என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இருந்த பயம் வேறு. கட்சிப் பெயரைக் கொடுத்தால் நாளைக்கு ஏதாவது ஆபத்து வருமா, வேலையில் தெரியுமா, ஆட்சி மாறினால் பிரச்சினையா. உள்ளதைச் சொல்கிறேன். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் எந்தக் கட்சியில் பதிவாகியிருக்கிறீர்கள், எந்தெந்தத் தேர்தலில் வந்து ஓட்டுப் போட்டீர்கள் என்பது பட்டியலில் இருக்கும், அதைக் கட்சிகளும் வேட்பாளர்களும் வாங்கிப் பார்ப்பார்கள். கதவைத் தட்டுவதும், போன் செய்வதும், வழவழப்பான அட்டைகள் தபால் பெட்டியில் குவிவதும் அதனால்தான். மத்திய அரசு வேலையில் இருப்பவர்களும் கட்சியில் பதிவு செய்யலாம், தடை இல்லை. இந்தப் பட்டியலில் பெயர் வருவதே பிடிக்காதவர்கள் ஒதுங்கியிருப்பதையும் நான் மதிக்கிறேன், பிரைமரியை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து ஒதுங்கினால் சரி.

க்ரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு, வேறு எதைவிடவும் முக்கியமாக ஒன்று. டி.எம்.வி.யில் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யவா என்று திரையில் ஒரு கேள்வி வரும், கட்சி என்ன என்றுகூட அடுத்துக் கேட்கும். சிட்டிசன் ஆகாதவர் அதற்கு ஆமாம் என்று தட்டவே கூடாது. தெரியாமல் தட்டினேன் என்பது பிறகு எடுபடாமல் போகலாம். சிட்டிசன் என்று பொய்யாகச் சொன்னதாக அது எடுத்துக்கொள்ளப்பட்டால் சிட்டிசன்ஷிப் விண்ணப்பமே கெடும், நாடு கடத்தும் வரைக்கும் போகும். அதே மாதிரி தவறிப் பதிவாகியிருப்பது தெரிய வந்தால், ஓட்டுப் போடாமல், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்த பிறகு பெயரை நீக்கக் கடிதம் கொடுங்கள். நண்பர்கள் சொல்லும் யோசனையை நம்பி எதையும் அனுப்பாதீர்கள்.

இப்போது ஜனவரி பிறந்ததும் நான் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. மாநிலத்தின் வாக்காளர் தேடல் பக்கத்தைத் திறந்து பெயர், மாவட்டம், பிறந்த தேதி, ஜிப் கோடு போட்டுப் பார்ப்பேன். நிலை என்ற வரியில் ஆக்டிவ் என்று இருக்கிறதா, முகவரி சரியா, கட்சி நான் கொடுத்ததுதானா. மூன்றையும் பார்த்து, தேதி தெரியும்படி திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். சாவடியில் வாதாட நேர்ந்தால் கையில் ஆதாரம் வேண்டும். ஏதாவது தப்பாக இருந்தால் பிப்ரவரி 14க்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும். ஃபாரத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதி முத்திரை போட்ட நகல் ஒன்றைக் கேட்டு வாங்க அந்த ஆறு வாரம் தாராளம். நான்காம் மாடிப் பெரியவர் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில் பிப்ரவரி 14ஆம் தேதித் தாளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார். இந்த வருஷம் அவரிடம் சொல்லி எனக்கும் ஒரு காலண்டர் வாங்கி வந்தேன்.